மஞ்சள் வச்ச சட்டை

அந்தச் சட்டை வேண்டாம் தம்பி. கழட்டிருங்க. நீங்க யாரோ, நான் யாரோ, ஆனா கண்ணு முன்னால ஒருத்தர் தப்பான சட்டையைப் போட்டுக்கிட்டு கண்ணாடியில சிரிச்சா என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வியாதின்னே வச்சுக்கோங்க. தோள் தையலைப் பாருங்க. தோள் எலும்பு எங்க முடியுதோ அங்கன நிக்கணும் தையல். உங்களுக்குக் கீழ இறங்கி கையில தொங்குது. முன்பக்கம் பாத்தீங்க, சரி. முதுகைப் பாத்தீங்களா? மாட்டீங்க. ஒருத்தனும் பாக்க மாட்டான். பின்னால உப்பிக்கிட்டு நிக்குது. உங்களுக்கு நாப்பது. இது நாப்பத்திரெண்டு. காலரைத் திருப்பிப் பாருங்க, போட்டிருக்கும்.

நாப்பத்திரெண்டுதானா? சேல்ஸ்மேன் எடுத்துக் குடுத்தானா? பாத்தீங்களா. அளவு நாடா இல்லாம, இந்தச் சேர்ல உக்காந்தபடியே சொன்னேன்.

உக்காருங்க. டிரையல் ரூமுக்குள்ள வேற ஆள் போயிட்டான், இப்ப வரமாட்டான். வீட்டுக்காரங்க எங்க, மேல சேலை மாடிக்கா? அப்ப உங்களுக்கு இருட்டுற வரைக்கும் நேரம் இருக்கு. உக்காருங்க.

நானா? நான் சட்டை எடுக்க வரல. நியாயம் கேக்க வந்து உக்காந்திருக்கேன். மேனேஜர் சாப்பிடப் போயிருக்காராம். திருநெல்வேலியில எந்த ஓட்டல்ல இவ்வளவு நேரம் சாப்பாடு போடுதான்னு தெரியல. வரட்டும். வராம எங்க போயிருவாரு?

இந்தப் பையில இருக்கு பாருங்க சட்டை. பில்லு இருக்கு. உள்ள வச்ச அட்டை இருக்கு. காலருக்குக் கீழ சொருகுற பிளாஸ்டிக் இருக்கு. குத்தியிருந்த குண்டூசியைக்கூட எறியாம டப்பாவுல போட்டுக் கொண்டாந்திருக்கேன். எல்லாம் இருந்தும் மாத்திக் குடுக்க மாட்டேங்கானுவ. கவுண்டர்ல நிக்குற பொண்ணு காலரைத் திருப்பிப் பாத்துட்டு, "மஞ்சள் இருக்கு சார், எடுக்க முடியாது"ங்குது. எதோ பாம்பைப் பாத்த மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு!

நான் கேக்கேன், திருநெல்வேலியில துணிக்கடை வச்சுக்கிட்டு மஞ்சள் இருந்தா எடுக்க மாட்டோம்னா என்ன அர்த்தம்? புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காம பின்ன சுண்ணாம்பா வைப்பாங்க? வாசல்ல பெருசா எழுதி வச்சிருக்கான், 'தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு எடுங்கள்'னு. எடுத்தோம். தலைதீபாவளிக்குக் குடுக்கிற துணியைச் சாமிகிட்ட வச்சு, மஞ்சள் தொட்டு வச்சு, பெரியவங்க கையாலதான் குடுப்பாங்க. இது இந்தக் கடைக்காரனுக்குத் தெரியாதா? அவன் வீட்டு மாப்பிள்ளைக்குப் பிளாஸ்டிக் கவரோடயா குடுக்கான்?

கோமதி மேலயும் தப்பு இருக்கு. இல்லேன்னு சொல்லல. கோமதி என் வீட்டுக்காரி. மஞ்சளைச் சும்மா ஓரத்துல ஒரு புள்ளி தொட்டு வைக்க வேண்டியதுதான? காலருக்கு உள்பக்கம் நல்லா குழைச்சு அப்பியிருக்கா, நெத்தியில பொட்டு வச்ச மாதிரி. நாலு தடவை சோப்பு போட்டேன். அது மஞ்சளு, போகுமா? இன்னும் கொஞ்சம் பரவிருச்சு. கேட்டா, "நீங்க வாங்கிட்டு வந்த லட்சணத்துக்கு மஞ்சளாவது நிறைய இருக்கட்டும்னுதான் வச்சேன்"ங்கா. அதுல என்ன அர்த்தம் இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிருதேன் தம்பி. சட்டை எடுக்கத் தெரியாதவன்னு நினைச்சிறாதீங்க. இன்சூரன்ஸ்ல டெவலப்மெண்ட் ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஒருத்தன் வீட்டுக்குப் போய், நீ செத்தா உம்பொண்டாட்டிக்கு இவ்வளவு கிடைக்கும்னு சொல்லணும். சொல்லும்போது அவன் நம்மளை வெளிய போடான்னு சொல்லக்கூடாது. உக்காரச் சொல்லி காப்பி குடுக்கணும். எதை வச்சுக் குடுப்பான்? சட்டையை வச்சுத்தான். காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், மூணாவது விரல் போகக்கூடாது. கை நுனி மணிக்கட்டு எலும்பை மூடி நிக்கணும், உள்ளங்கைக்கு வரக்கூடாது. வயித்துக்கிட்ட ரெண்டு பட்டனுக்கு நடுவுல வாய் திறக்கக்கூடாது. இன் பண்ணிக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கினா சட்டை வெளிய வரக்கூடாது. என்கிட்ட வேலை பாத்த ஏஜெண்டுக பூராத்துக்கும் பாலிசி சொல்லிக் குடுக்கிறதுக்கு முன்னால இதைத்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு ஆளைத் தெருவுல பாத்தா போதும், கழுத்தளவு சொல்லிருவேன். இப்ப அங்க நிக்காரே, நீலச்சட்டை, முப்பத்தொன்பது. அந்தத் தடியான ஆளு நாப்பத்தினாலு, ஆனா நாப்பத்திரெண்டுல பிதுங்கிக்கிட்டு நிக்காரு. பாக்கச் சகிக்கல.

அப்பேர்ப்பட்ட என்னைப் பாத்து, "உங்களுக்கு ஒரு சட்டை எடுக்கத் தெரியாதா"ன்னு எம்பொண்ணு கேக்கா. என் சொந்த வீட்டுல. நல்ல நாளும் பெரிய நாளுமா.

சுபான்னு கூப்பிடுவோம். சுபாஷினி. ஒத்தப் பொண்ணு. அவளே பாத்து முடிவு பண்ணிக்கிட்ட கல்யாணம். நம்ம ஆளுக இல்ல. வேற ஆளுக. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல தம்பி. வேற எவனா இருந்தாலும் அருவா தூக்கியிருப்பான், இல்ல விஷத்தைத் தூக்கியிருப்பான். நான் மண்டபம் பிடிச்சேன், சாப்பாடு போட்டேன், வந்தவங்களுக்குக் கை கூப்பினேன். பெருந்தன்மைன்னா அதுதான? அதுக்கு மேல ஒரு அப்பன் என்ன செய்யணும்? கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடணுமா?

மாப்பிள்ளை தூத்துக்குடியில ஒரு ஸ்கூல்ல விளையாட்டு வாத்தியாரு. விசில் ஊதுற வேலை. இருக்கட்டும். எந்த வேலையும் கேவலமில்ல. நான் சொன்னேனா கேவலம்னு? ஆனா பாருங்க, அந்த மனுசன் பனியன் மாதிரி ஒண்ணு போடுவாரு, டிராக் பேண்டு போடுவாரு. கல்யாணத்தன்னைக்குத் தவிர, காலர் வச்ச சட்டையை முறையா இன் பண்ணி அவரை யாரும் பாத்ததில்ல. அதனாலதான் நான் முடிவு பண்ணேன். தலைதீபாவளிக்கு மத்தவங்க மாதிரி பட்டு வேட்டி, பட்டுச் சட்டைன்னு எடுத்துக் குடுத்தா பீரோவுல தூங்கும். நல்ல முழுக்கைச் சட்டை. வெள்ளையில லேசா நீலம் கலந்தது. நாளைக்கு ஒரு ஆபீசுக்குப் போனா, ஒரு பெரிய மனுசன் முன்னால நின்னா, ஆளா தெரியணும். நல்ல எண்ணமா, கெட்ட எண்ணமா? நீங்களே சொல்லுங்க.

ம்? அவரையே கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு கேக்குறீங்களா? நீங்களும் கோமதி மாதிரியே கேக்குறீங்க. அவரு போன் பண்ணத்தான் செஞ்சாரு. "மாமா, சனிக்கிழமை லீவுதான், நான் வந்துரவா"ன்னு கேட்டாரு. நான் வேண்டாம்னுட்டேன். மாமனார் எடுத்துக் குடுக்கிற சட்டையை மாப்பிள்ளை வந்து போட்டுப் பாத்துப் பொறுக்கினா அதுல என்ன மரியாதை இருக்கு? சரி, அளவாவது சொல்லட்டுமான்னாரு. எனக்கா அளவு? தெரியும்னுட்டேன். போனை வச்சுட்டேன்.

நான் ஆனந்தைக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

ஆனந்த் எங்க அக்கா மகன். பேங்க்ல இருக்கான். தங்கமான பையன். இந்த மாடிக்குத்தான் கூட்டிட்டு வந்தேன், இந்தக் கண்ணாடி முன்னாலதான் நிறுத்துனேன். உயரம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கிட்டத்தட்ட ஒண்ணுதான். தம்பி, அந்தச் சட்டையை அவன் போட்டுக்கிட்டு வெளிய வந்தான் பாருங்க! தோள் தையல் எலும்பு மேல கோடு கிழிச்ச மாதிரி நிக்குது. காலர்ல விரல் விட்டுப் பாத்தேன், சரியா ரெண்டு. கையைத் தூக்குடான்னேன், தூக்குனான், அசையல. முதுகுல ஒரு சுருக்கம் கிடையாது. அவன் உடம்பு அப்படி. சின்ன வயசுல இருந்தே அவனுக்கு நான்தான் துணி எடுக்கிறது. எது போட்டாலும் அவனுக்குன்னு நெய்த மாதிரி இருக்கும். அந்த சேல்ஸ்மேன் பய, "மாப்பிள்ளையா சார்? சூப்பரா இருக்கு"ன்னான். ஆமான்னேன். முறைக்கு மாப்பிள்ளைதான? அக்கா மகனை வேற என்னன்னு சொல்லுறது? ஆனந்துதான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இராம, "மாமா, மதியழகன் என்னைவிட அகலம் மாமா, ஒருதரம் கேட்டுக்கோங்க"ன்னான். நீ கண்ணாடியைப் பாருடான்னு அதட்டினேன்.

மதியழகன்ங்கிறது மாப்பிள்ளை பேரு.

நீங்க மூஞ்சியை அப்படிச் சுழிக்காதீங்க. சின்ன வயசுல ஆனந்துக்குச் சுபான்னு ஒரு பேச்சு இருந்துச்சு. எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான். அது முடிஞ்சுபோன கதை. அதுக்கும் சட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சட்டையைப் போட்டுப் பாக்க ஒரு உடம்பு வேணும். கூப்பிட்ட உடனே வந்தான். போட்டுப் பாத்தான். இதுல என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க எல்லாரும்?

அந்த நிமிசமே அவனை ஒரு போட்டோ எடுத்தேன். எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டேன், 'மாப்பிள்ளைக்கு எடுத்த தலைதீபாவளிச் சட்டை, எப்படி இருக்கு'ன்னு கேட்டு. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிப் போட்டாங்க. எங்க அக்கா பூவா அனுப்புனா. சுபா பாத்தா. பாத்ததுக்கு நீலக்கோடு விழுந்துச்சு. ஒண்ணும் சொல்லல. பிடிச்சிருந்தா சொல்லணும், பிடிக்காட்டாலும் சொல்லணும். சும்மா இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கிறது? மாப்பிள்ளை அந்தக் குரூப்புல இல்ல. குடும்ப குரூப்புல அவரு எதுக்கு?

இப்ப தீபாவளியன்னைக்கு வாங்க.

விடியக்காலம் எண்ணெய் வச்சுக் குளிச்சாச்சு. எங்க அக்காவும் ஆனந்தும் வந்துட்டாங்க, வருசா வருசம் அவங்க எங்க வீட்டுலதான். சாமிகிட்ட இருந்து சட்டையை எடுத்து நான் குடுத்தேன். அவரு ரெண்டு கையையும் நீட்டி வாங்கினாரு. கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அதெல்லாம் குறை சொல்ல முடியாது. உள்ள போயி போட்டுக்கிட்டு வாரதுக்கு ரொம்ப நேரமாச்சு. வந்தாரு. வந்தாரு பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. காலர் பட்டனைப் போடவே இல்ல. கை ரெண்டும் முழங்கைப் பக்கம் இறுக்கிப் பிடிச்சு நிக்குது. கையைத் தொங்கப் போடவும் முடியல, மடக்கவும் முடியல, ரெண்டு பக்கமும் வாளி தூக்கின ஆள் மாதிரி வச்சுக்கிட்டு நிக்காரு. நாப்பது சைஸ் சட்டையை இவ்வளவு மோசமா ஒரு மனுசன் போட முடியும்னு நான் நினைச்சதே இல்ல.

"மூச்சை இழுத்துப் பட்டனைப் போடுங்க, சரியாயிரும்"னு சொன்னேன். போட்டாரு. சொன்ன பேச்சைக் கேட்டுப் போட்டாரு. பெறகு ரெண்டு பேரும் எங்க கால்ல விழுந்து கும்பிடணும்ல? சுபா விழுந்தா. அவரு குனிஞ்சாரு. நெஞ்சுப் பட்டன் தெறிச்சுப் போயி அதிரசத் தட்டுல விழுந்துச்சு.

அந்த நேரம் பாத்து எங்க அக்கா சொல்லுதா, "எம்மவனுக்கு எடுப்பா இருந்துச்சே தம்பி. போட்டோவுல பாத்தேனே."

உண்மையைத்தான சொன்னா? இருந்துச்சுதான? பொய் சொன்னாளா?

ஆனந்த் எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டான். மாப்பிள்ளை அதிரசத் தட்டுல இருந்து பட்டனை எடுத்து, பாகு ஒட்டியிருந்ததைத் துடைச்சு, என்னைப் பாத்து, "பரவால்ல மாமா, நான்தான் கொஞ்சம் சதை போட்டுட்டேன். சட்டை நல்ல சட்டை"ங்காரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் நினைச்சுப் பாருங்க. பரவால்லையாம்! பரவால்லன்னு சொல்ல இவரு யாரு? நான் மன்னிப்பு கேட்டேனா இவரு பரவால்லங்கிறதுக்கு? எனக்குச் சட்டையைப் பத்திச் சொல்லுதாரு, நல்ல சட்டைன்னு. எனக்குப் பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுக்காராம். அங்கனதான் எனக்குக் கோவம் வந்துச்சு. "ஒழுங்கான உடம்பா இருந்தா ஒழுங்கா உக்காந்திருக்கும்"னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. சட்டையைப் பத்தித்தான் சொன்னேன்.

அவரு உள்ள போயி, வரும்போது போட்டுட்டு வந்த பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து இலையில உக்காந்தாரு. தலைதீபாவளியில பழைய சட்டை! எங்க தெருவே வந்து பாத்துட்டுப் போகுது. சாப்பிட்டாரு. கோமதிகிட்ட, "அத்தை, அதிரசம் நல்லாருக்கு"ன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அப்படி ஒரு அழுத்தம் மனுசனுக்கு.

சுபாதான் சாப்பிடல. மத்தியானத்துக்குள்ள பெட்டியைக் கட்டிட்டா. அந்தச் சட்டையை மடிச்சா, நல்லா கடையில மடிக்கிற மாதிரி அட்டை வச்சு மடிச்சா. பட்டனை ஒரு தாள்ல பொதிஞ்சு பையில வச்சா. கொண்டாந்து என் கையில குடுத்துட்டு, "உங்களுக்கு ஒரு சட்டை எடுக்கத் தெரியாதாப்பா? யாரை அளந்து எடுத்தீங்களோ அவங்களுக்கே குடுத்துருங்க. மதிக்குன்னு ஒண்ணு எடுத்தா சொல்லுங்க, அன்னைக்கு வாரோம்"னா.

சொல்லிட்டுப் போனவதான். நான் போன் பண்ணா எடுக்கல. கோமதிகிட்டப் பேசுதா, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிட்டு, "அப்பாகிட்டக் குடுக்கட்டுமா"ன்னா வச்சிருதா. எங்க வீட்டுக்கு ஒரே பிள்ளை அவ. சாயங்காலமானா வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கும், அவ வந்துட்டாளோன்னு நினைப்பு வரும். பக்கத்து வீட்டு வண்டியா இருக்கும். ஒரு சட்டைக்காக ஒரு பொண்ணு அப்பங்கிட்டப் பேசாம இருப்பாளா? ஒரு சட்டைக்காக! பொங்கலுக்கும் வரலேன்னா நான் செத்துருவேன் தம்பி. வெளிய சொல்லல. உங்ககிட்டச் சொல்லுதேன், நீங்க யாரோங்கிறதால சொல்லுதேன்.

கோமதி அதைவிட மோசம். சோறு போடுதா, பேச்சு கிடையாது. நேத்துத்தான் வாயைத் திறந்தா. "சட்டையை மாத்திட்டு, நீங்களே பஸ் ஏறிப் போயி, அவரு கையில குடுத்துட்டு வாங்க. பார்சல்ல அனுப்பாதீங்க"ன்னா. சரின்னேன். இறங்கித்தான் போறேன். பட்டனை நானே தைச்சேன். வயசாயிருச்சு, நூல் கோக்க ஒரு மணி நேரமாச்சு. தைச்சுக் கொண்டாந்தா, மஞ்சளாம்! எடுக்க மாட்டானாம்!

அந்தச் சேல்ஸ்மேன் இருக்கானே, ஆனந்தைப் பாத்து சூப்பர்னு சொன்னவன், அவனைக் கூப்பிட்டு நல்லா கேட்டேன். அவன் நைசா பேசுதான். "சார், அது போகட்டும் சார். புதுசா ஒண்ணு எடுத்துருங்க, மேனேஜர்கிட்டச் சொல்லித் தள்ளுபடி வாங்கித் தாரேன். மாப்பிள்ளை அளவு என்ன"ங்கான்.

நாப்பதுக்கு மேலன்னேன்.

"மேலன்னா நாப்பத்திரெண்டா, நாப்பத்தினாலா சார்?"

எனக்குத் தெரியாதுன்னு அவங்கிட்டச் சொல்ல முடியுமா? "ஆள் எப்படி இருப்பாரு சார், உங்களைவிட உயரமா? தோள் அகலமா, வயிறு இருக்குமா? கழுத்து குட்டையா?"ன்னு அடுக்கிக்கிட்டே போறான். என்ன கேள்வி இது? எப்படி இருப்பாரு! மனுசன் மாதிரி இருப்பாரு! ரெண்டு கை, ரெண்டு தோள்! கத்திட்டேன். அந்த நேரம்தான் நீங்க உள்ள இருந்து வந்தீங்க. கேட்டிருக்கும்.

இல்ல தம்பி, நீங்க சொல்லுங்க. நான் எப்ப அவரைப் பாத்தேன்? வருவாரு. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன். வாசல்ல செருப்பு விடுற சத்தம் கேக்கும். "வந்தீங்களா"ம்பேன். "ஆமா மாமா"ம்பாரு. பேப்பரைப் பாதியில மடிக்க முடியுமா? பேப்பருக்குக் கீழ ரெண்டு பாதம் தெரியும். கொஞ்ச நேரம் நிக்கும். பெறகு உள்ள போயிரும். செருப்பு அளவு கேட்டா சொல்லிருவேன், ஒன்பதாம் நம்பர். இடது குதிகால் தேஞ்சிருக்கும். தீபாவளியன்னைக்கு முன்னால வந்து நின்னாருதான், இல்லேங்கல. அன்னைக்கு நான் அவரையா பாத்தேன்? அந்தச் சட்டை நாசமாப் போறதைப் பாத்தேன்.

போன் பண்ணிக் கேக்கவா? யாருக்கு, அவருக்கா? நம்பர் இருக்கு. இந்தா, 'சுபா 2'ன்னு போட்டு வச்சிருக்கேன்ல, அதுதான். கூப்பிட்டு, மாப்பிள்ளை உங்க கழுத்து எவ்வளவு, உங்க தோள் எவ்வளவுன்னு கேக்கணுமா நான்? இந்த வயசுல? எனக்குத் தெரியும்னு சொல்லிப் போனை வச்சவன் நான். திரும்பக் கூப்பிட்டுத் தெரியாதுன்னு சொல்லணுமா? அவரு மறுபடியும் பரவால்ல மாமாம்பாரு. அதைக் கேக்குறதுக்கு நான் இந்தக் கடை வாசல்லயே படுத்துக்கிடுவேன்.

ஆனந்தைக் கேட்டேன். கூட வாடா, நீ ஒரு நம்பர் பெருசாப் போட்டுப் பாரு, குத்துமதிப்பா எடுத்துருவோம்னேன். "இனிமே என்னை இதுக்குக் கூப்பிடாதீங்க மாமா"ன்னுட்டான். அவனும் அவங்க பக்கம் சேந்துக்கிட்டான்.

கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க தம்பி. நில்லுங்க, ஒண்ணும் பண்ணிற மாட்டேன். நீங்க போட்டிருக்கிறது நாப்பத்திரெண்டுதான? திரும்புங்க. உங்களைவிட அவரு... கொஞ்சம் உசரமோ? இல்ல இந்தப் பக்கம், தோள்கிட்ட... ஊகூம். வரமாட்டேங்குது. உக்காருங்க. ஊர்ல போற வாரவன் கழுத்தெல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது, இந்த ஒரு ஆளு மட்டும் நிக்க மாட்டேங்குது. என்ன மூதேவி கண்ணோ!

போட்டோவா?

போட்டோ இருந்தா சொல்லிருவீங்களா? இருக்கு, இருக்கு. நல்ல யோசனை. இது தோணவே இல்ல பாருங்க. ஆல்பம் அவங்க வீட்டுல இருக்கு. ஆனா மண்டபத்துல எடுத்தது ஒண்ணு போன்ல இருக்கு. போனைத் திறந்தாலே அதுதான் முன்னால வரும். தினமும் பாக்கிறதுதான். இந்தா பாருங்க. எம்பொண்ணு. எப்படி இருக்கா? அரக்குக் கலர் சேலை, அதுவும் நான் எடுத்ததுதான்.

மாப்பிள்ளை எங்கயா? பக்கத்துலதான் நிக்காரு. அவ மட்டும் நல்லா சிரிச்ச மாதிரி விழுந்திருந்தா, அதனால அவளைத் தனியா வெட்டி எடுத்து வச்சுக்கிட்டேன். அதுல ஒண்ணும் தப்பில்லையே? எம்பொண்ணு, எம்போன்.

பெருசு பண்ணிப் பாருங்க. ஓரத்துல தெரியும். அவ தோள்ல ஒரு கை இருக்கா? நாலு விரல் தெரியுதா? அது அவரு கைதான். அதை மட்டும் வெட்ட முடியல. வெட்டினா எம்பொண்ணு தோளும் சேந்துல்ல போகும்.

அப்படி ஏன் பாக்குறீங்க என்னை? போட்டோவைப் பாருங்க தம்பி. அந்தக் கையை வச்சு அளவு சொல்லுங்க.